கயிறு கட்டியும் ‘ஃப்ரீ’: நோஸ் பாறைத்தடத்தில் லின் ஹில் செய்தது என்ன?

கயிறில்லாமல் செங்குத்துப் பாறைகளில் ஏறுபவர்களின் காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியதிலிருந்து, ‘ஃப்ரீ கிளைம்பிங்’ என்றாலே கயிறைத் துறந்து ஏறுவது என்ற எண்ணம் பலரிடம் பதிந்துவிட்டது. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையில் தனியாக, கயிறின்றி ஏறியபோது வந்த செய்திகளும் இந்தக் குழப்பத்தை வளர்த்தன. அதன் விளைவாக, அதே பாறையின் நோஸ் என்ற தடத்தில் 1993-ல் லின் ஹில் என்ற அமெரிக்கர் ‘முதல் ஃப்ரீ ஏற்றம்’ செய்தார் என்று படிக்கும் வாசகர், அவரும் கயிறில்லாமல்தான் ஏறினார் என்று எடுத்துக்கொள்கிறார். கயிறு இருந்தது என்று தெரிந்தவுடன், அப்படியானால் இதில் என்ன பெரிய சாதனை என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் பாறையேற்றத்தின் அடிப்படை விதிகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்று முறைகள்

1. எய்டு கிளைம்பிங்: பாறையின் வெடிப்புகளில் ஆணி அடித்தோ, துளையிட்டு போல்ட் பதித்தோ, அவற்றில் நாடா ஏணிகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் கால்வைத்து உயர்வது. உடலின் எடையைத் தாங்குவதும் மேலே நகர்த்துவதும் கருவிகளே.

2. ஃப்ரீ கிளைம்பிங்: கயிறும் கருவிகளும் உண்டு, ஆனால் அவை விழுந்தால் பிடிப்பதற்கு மட்டுமே. மேலே நகர்வது முழுக்கக் கைவிரல்களாலும் பாதங்களாலும்தான். ஏறும்போது கயிறைப் பிடித்து இழுத்தாலோ, ஆணியில் கால்வைத்தாலோ, அந்தப் பகுதி ஃப்ரீ என்ற கணக்கில் வராது.

3. ஃப்ரீ சோலோ: இரண்டாவது முறையேதான், ஆனால் கயிறும் துணையும் இல்லை. கை நழுவினால் உயிர் போகும்.

ஹானல்ட் செய்தது மூன்றாவது. ஹில் செய்தது இரண்டாவது. ஆபத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவதற்கு ஈடில்லை. ஆனால் உடல் செய்யும் அசைவுகளின் கடினத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறும். ஹானல்ட் தேர்ந்தெடுத்த ஃப்ரீரைடர் என்ற தடத்தைவிட ஹில் ஏறிய நோஸ் தடம், ஃப்ரீ ஏற்றமாக, தெளிவாகவே கடினமானது. தவறினால் கயிறு தாங்கும் என்பதால்தான் மனித உடலின் எல்லையிலேயே இருக்கும் அசைவுகளை அங்கே முயன்று பார்க்க முடிகிறது.

கடினத்தை அளக்க அமெரிக்காவில் 5 என்ற எண்ணில் தொடங்கும் ஓர் அளவுகோல் உள்ளது. 5.10 முதல் ஒவ்வொரு படியும் a, b, c, d என நான்காகப் பிரியும். 5.12 என்பது பல ஆண்டுப் பயிற்சியில் எட்டக்கூடியது, 5.14 என்பது இன்றைக்கும் மிகச் சிறுபான்மையினருக்கே வசப்படுவது. பிரெஞ்சு அளவுகோலில் 8b+ என்பது அமெரிக்க 5.14a-வுக்கு இணை. உலகில் முதல் 8b+ தடத்தை ஜெர்மனியின் வொல்ஃப்காங் கூலிச் 1985-ல் ஆஸ்திரேலியாவில் ஏறினார். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

கலிபோர்னியாவில் தொடக்கம்

லின் ஹில் 1961 ஜனவரி 3 அன்று டெட்ராய்ட்டில் பிறந்து, தெற்குக் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வளர்ந்தார். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். 1975-ல், 14 வயதில், அக்காவும் அவருடைய நண்பரும் அழைத்துச் செல்ல, முதன்முதலாகப் பாறையேறினார். ஜோஷுவா ட்ரீயிலும் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலும் கூடாரமடித்துத் தங்கி ஏறிய ஜான் லாங், ஜான் பேக்கர் போன்ற இளைஞர்களின் வட்டத்தில் சில ஆண்டுகளிலேயே சேர்ந்துகொண்டார். தங்களை ஸ்டோன்மாஸ்டர்ஸ் என்று அழைத்துக்கொண்ட அந்த வட்டத்தில் பெண்கள் மிகச் சிலரே.

1979-ல் கொலராடோவில் ஓஃபிர் புரோக் என்ற வெடிப்புத் தடத்தை அவர் முதன்முதலாக ஃப்ரீ முறையில் ஏறினார், மதிப்பு 5.12d. அதுவரை எந்தப் பெண்ணும் ஏறியதிலேயே மிகக் கடினமான தடம் அது. ஆண்களோ பெண்களோ யாரும் ஏறியிராத தடத்தில் அவர் முதலில் ஏறினார் என்பதைச் செய்திக் குறிப்புகள் பல இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இந்தப் பழக்கம் அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

‘தொழில்முறைப் பாறையேறுநர்’ என்ற சொல்லை இன்று சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். 1970-களின் இறுதியில் அப்படியொரு தொழில் கிடையாது. பாறையேறுவதற்குச் சம்பளம் தரும் சங்கமோ, பரிசு தரும் போட்டியோ, ஒப்பந்தம் போடும் நிறுவனமோ அமெரிக்காவில் இல்லை. கோடைக்காலம் முழுக்க யோசெமிட்டியில் தங்கியவர்கள், சுற்றுலாப் பயணிகள் வீசிய அலுமினிய டின்களைப் பொறுக்கி மறுசுழற்சிக்குக் கொடுத்துக் கயிறு வாங்கினார்கள்.

ஹில்லுக்கு முதலில் பணம் வந்தது தொலைக்காட்சியிலிருந்து. ஓட்டம், தடைதாண்டல், கயிறேற்றம் எல்லாம் கலந்த ‘சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்’ என்ற போட்டி நிகழ்ச்சியில் 1980-களின் முற்பகுதியில் நான்கு முறை வென்றார். முதல் முறை அவர் கலந்துகொண்டபோது ஆண்களுக்கான முதல் பரிசு 15,000 டாலர், பெண்களுக்கானது 5,000 டாலர். பெண்கள் சேர்ந்து புறக்கணிப்போம் என்று அவர் பேசிப் பார்த்ததில் பெண்களுக்கான தொகை உயர்ந்தது. சமமாகவில்லை, உயர்ந்தது. அந்தப் பணம் அவருடைய படிப்புக்கும் பயணங்களுக்கும் கைகொடுத்தது. நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து 1985-ல் பட்டம் பெற்றார்.

இரண்டாவது வருவாய் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1980-களின் நடுவில் இத்தாலியிலும் பிரான்சிலும் பாறையேற்றப் போட்டிகள் தொடங்கின. ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்த்தார்கள், பரிசுப் பணம் இருந்தது, காலணியும் கயிறும் தயாரிக்கும் நிறுவனங்கள் வீரர்களுடன் ஒப்பந்தம் போட்டன. இத்தாலியின் ஆர்க்கோவில் நடந்த ராக் மாஸ்டர் போட்டியை ஹில் ஐந்து முறை வென்றார். அக்காலத்தின் இன்னொரு நட்சத்திரமான பிரான்சின் கேத்தரின் டெஸ்டிவெல்லுடன் அவருக்கிருந்த போட்டி பத்திரிகைகளுக்குத் தீனியானது. மொத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட சர்வதேசப் பட்டங்கள் அவர் பெயரில் உள்ளன. 1990-ம் ஆண்டின் உலகக் கோப்பையில் இசபெல் பாடிசியேவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு மரபுகளின் சந்திப்பு

ஹில்லின் சாதனையை விளங்கிக்கொள்ள, பட்டங்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர் காலத்தில் பாறையேற்றத்தில் இரண்டு மரபுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

யோசெமிட்டி மரபின்படி, தரையிலிருந்து தொடங்கி ஏற வேண்டும். வழியில் விழுந்தால் தொங்கிக்கொண்டிருக்காமல் கீழே இறங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலிருந்து கயிறில் இறங்கி போல்ட் பதிப்பதோ, கடினமான அசைவைத் தொங்கியபடி ஒத்திகை பார்ப்பதோ ஏமாற்று வேலை. பேக்கர் இந்தக் கொள்கையின் மிகக் கண்டிப்பான காவலர். பிரெஞ்சு மரபு இதற்கு நேர்மாறு. மேலிருந்து இறங்கி போல்ட் பதிக்கலாம்; விழுந்த இடத்திலேயே தொங்கியபடி அடுத்த பிடியைத் தொட்டுப் பார்க்கலாம்; எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். கடைசியில் ஒருமுறை விழாமல் கீழிருந்து மேலே போனால் போதும்.

முதல் மரபு துணிச்சலையும் நிதானத்தையும் வளர்த்தது. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் மிகக் கடினமான அசைவுகளைக் கற்கப் போதிய நேரம் தரவில்லை. இரண்டாவது மரபு அந்த நேரத்தைத் தந்தது. அதனால்தான் 1980-களில் கடினத்தின் உச்சம் அமெரிக்காவைவிட்டு ஐரோப்பாவுக்குப் போனது. ஆனால் 20, 30 மீட்டர் தடங்களில் வளர்ந்த அந்தத் திறமை, ஒரு கிலோமீட்டரை நெருங்கும் சுவரில் பல நாட்கள் தங்கி ஏறும் வேலைக்குத் தானாகப் பழக்கப்பட்டுவிடவில்லை.

ஹில் முதல் மரபில் வளர்ந்தவர். 1984-ல் நியூயார்க்கின் ஷாவங்கங்க்ஸ் பாறைகளில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலேயே முதல் 5.13 தடமான வாண்டல்ஸில் ஏறும்போது, அந்த விதியை அவர் தளர்த்தினார். விழுந்தபின் ஒவ்வொரு முறையும் தரைக்கு இறங்காமல், தொங்கியபடியே அடுத்த பிடியை ஆராய்ந்தார். இன்று கேட்டால் அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றம், அன்றைய அமெரிக்க வட்டத்தில் கொள்கை மீறல். பிறகு 1986-ல் பிரான்சுக்குப் போய், வெர்டோன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளில் இரண்டாம் மரபை முழுமையாகக் கற்றுக்கொண்டார். இரண்டையும் கைக்கொண்டவர்கள் அப்போது உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. 1993-ல் நடந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. உடல்வாகு, விரலளவு போன்ற விளக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகே வரும்.

முடிக்கப்படாத முடிச்சு

1989 மே 9 அன்று பிரான்சின் பூக்ஸ் பாறையில், உடலைச் சூடேற்றுவதற்காக ஓர் எளிய தடத்தில் ஏறினார். கயிறை இடுப்புப் பட்டையின் வளையத்துக்குள் நுழைத்தவர், முடிச்சைப் போட்டு முடிப்பதற்குள் பேச்சிலும் காலணியிலும் கவனம் திரும்பிவிட்டது. மேலே அணிந்திருந்த மேலங்கி அந்த இடத்தை மறைத்துவிட்டதால், கீழே நின்றவர்களுக்கும் குறை தெரியவில்லை. ஏறும்போது கயிறில் எடை விழாததால் சிக்கல் வெளிப்படவில்லை. உச்சியை அடைந்து, இறக்கிவிடச் சொல்லிப் பின்னால் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு வந்தது. 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்தவரை ஒரு மரத்தின் கிளைகள் தடுத்தன. முழங்கை மூட்டு விலகியது, பாத எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது.

பயிற்சி அரங்குகளில் ‘ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுக்கும்போது இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. ஆபத்து பெரும்பாலும் கடினமான இடத்தில் வருவதில்லை. வழக்கமாகச் செய்யும் வேலை நடுவில் தடைபடும் இடத்தில்தான் வருகிறது. விமான ஓட்டிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் தரப்படுவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்த ஜனவரியில், அதாவது 1990-ல், தூலோன் நகருக்கு அருகில் சிமாய் பாறையில் மாஸ் கிரிதிக் என்ற 8b+ தடத்தை அவர் ஏறினார். 5.14 மட்டத்தை எட்டிய முதல் பெண் அவர். அந்தத் தடத்தை முதலில் ஏறிய பிரெஞ்சு வீரர் ஜே.பி. திரிபூ, எந்தப் பெண்ணாலும் 5.14 ஏற முடியாது என்று சொல்லியிருந்தார். உலகில் முதல் 8b+ ஏறப்பட்டது 1985-ல் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், இடைவெளி ஐந்தே ஆண்டுகள் என்பது தெரியும்.

போட்டிகள் இயற்கைப் பாறையிலிருந்து செயற்கைச் சுவர்களுக்கு முழுவதுமாக நகர்ந்துகொண்டிருந்த நிலையில், 1992-ல் அவர் போட்டிகளிலிருந்து விலகினார்.

நோஸ் ஏன் தனி

எல் கேப்பிட்டன் யோசெமிட்டியில் சுமார் 900 மீட்டர் உயர்ந்து நிற்கும் கருங்கல் சுவர். அதன் நடுவில் முன்னே துருத்திக்கொண்டிருக்கும் முனைதான் நோஸ். வாரன் ஹார்டிங், வெய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் ஆகிய மூவரும் 1958 நவம்பர் 12 அன்று இதன் உச்சியை அடைந்தார்கள். 1957 ஜூலையில் தொடங்கிய வேலை, பாறையில் கழித்த நாட்கள் மட்டும் சுமார் 45. எல்லாம் ஆணியும் போல்ட்டும் கொண்டு எய்டு முறையில். 1975-ல் ஜிம் பிரிட்வெல், ஜான் லாங், பில்லி வெஸ்ட்பே மூவரும் இதை ஒரே நாளில் முடித்தார்கள். அதுவும் எய்டு கலந்ததே.

தடத்தின் பெரும்பகுதியை ஃப்ரீ முறையில் ஏற முடியும் என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. ரே ஜார்டின் என்பவர் தடத்தின் ஒரு வெற்றுப் பகுதியைக் கடக்கப் பாறையில் உளியால் பிடிகளைச் செதுக்கினார்; பலத்த கண்டனத்துக்கு உள்ளான அந்தச் செதுக்கல் வழியேதான் ஹில் உட்படப் பின்னால் வந்தவர்கள் போனார்கள். நேர்மையான எந்தக் கணக்கிலும் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் முட்டுக்கட்டையாக நின்றவை வேறு இரண்டு இடங்கள்.

தடம் 31 பிட்ச்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒரு பிட்ச் என்பது ஒரு கயிறு நீளத்துக்குள் ஏறிமுடிக்கும் ஒரு கட்டம். 22-வது பிட்ச் கிரேட் ரூஃப். சுவரிலிருந்து ஒரு பெரிய கூரை வெளியே நீள்கிறது. அதன் அடிப்பகுதியில், கூரையும் சுவரும் சேரும் கோட்டில் ஒரு மெல்லிய வெடிப்பு. விரல் நுனிகள் மட்டுமே நுழையும். பாதங்களுக்குப் பிடி என்று ஒன்றும் இல்லை. வழுவழுப்பான சுவரில் காலணியின் ரப்பரை அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும்.

27-வது பிட்ச் சேஞ்சிங் கார்னர்ஸ். பாதி திறந்து நிறுத்திய புத்தகத்தின் உள்மடிப்பைப் போல இரண்டு சுவர்கள் சேரும் மூலை. ஆனால் மடிப்பில் விரல் நுழைய வெடிப்பு கிட்டத்தட்ட இல்லை; பிடித்து இழுக்க எதுவும் இல்லாததால் இரு சுவர்களையும் எதிரெதிராக அழுத்தியே உடலை நிறுத்த வேண்டும். ஹில் இங்கே கண்டுபிடித்த வழி விசித்திரமானது. உள்ளங்கை, முழங்கை, இடுப்பு, பாதம் எல்லாவற்றையும் மாறிமாறி அழுத்தி, உடலையே மூலைக்குள் முழுதாகத் திருப்பிக்கொண்டார். சங்கிலிகளிலிருந்து விடுபடும் மாயவித்தைக்காரரின் பெயரால் அதை ஹூடினி என்று அழைத்தார்கள்.

1993-ல் முதலில் பிரிட்டனின் சைமன் நாடினுடன் முயன்றார். நாடின் 1989-ன் முதல் உலகக் கோப்பையை வென்றவர். கிரேட் ரூஃப் கைகூடியது, சேஞ்சிங் கார்னர்ஸ் கைவிட்டது. பின்னர் புரூக் சேண்டாலுடன் திரும்பிவந்து, அந்த ஒரு பிட்ச்சைத் தனியே ஒத்திகை பார்த்து, செப்டம்பரில் நான்கு நாட்களில் முழுத் தடத்தையும் ஃப்ரீ முறையில் முடித்தார். மேலே வந்ததும் அவர் சொன்னதாகப் பரவிய வாசகம்: “ஏறிடலாம், பசங்களா!”

அடுத்த ஆண்டு அதையே ஒரே நாளில் செய்ய முனைந்தார். முதல் முயற்சி வெயிலாலும், தண்ணீரும் கைகள் வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடியும் தீர்ந்துபோனதாலும் கிரேட் ரூஃபில் முறிந்தது. 1994 செப்டம்பர் 19 இரவு 10 மணிக்கு, ஸ்டீவ் சட்டன் கயிறு பிடிக்க, மீண்டும் தொடங்கினார். எல்லாப் பிட்ச்களையும் தானே முன்னின்று ஏறி, 23 மணி நேரத்தில் உச்சியை அடைந்தார். இரவில் தொடங்கியது வீரம் காட்டுவதற்காக அல்ல. எளிய பகுதிகளைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் முடித்துவிட்டு, சூரியன் சுவரைச் சுடுவதற்கு முன்பே கிரேட் ரூஃபை எட்டிவிடும் கணக்கு அது.

‘சின்ன விரல்’ விளக்கம்

அவர் வென்றதற்குக் காரணம் அவருடைய மெல்லிய விரல்கள்தான் என்ற விளக்கம் உடனே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கிரேட் ரூஃபில் அது ஓரளவு உண்மை. பெரிய விரல்கள் நுழையாத இடத்தில் அவருடைய விரல் நுனிகள் நுழைந்தன. ஹில்லே இதை மறுப்பதில்லை.

2. ஆனால் அவருடைய உயரம் சுமார் 157 சென்டிமீட்டர். உயரமானவர்கள் கைநீட்டித் தொட்டுவிடும் பிடிகளுக்கு அவர் இடையில் கூடுதல் அசைவுகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 31 பிட்ச்களில் இந்தப் பாதகம் எத்தனை முறை வந்திருக்கும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

3. சேஞ்சிங் கார்னர்ஸில் விரலுக்கு வேலையே குறைவு. மிகக் கடினமான பிட்ச்சும் அதுதான். இன்றைய மதிப்பு 5.14a. ஹில் முதலில் தந்த மதிப்பு இதைவிடக் குறைவு. பின்னால் வந்தவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகே அது உயர்த்தப்பட்டது.

4. சிறிய விரல்கள் கொண்ட வேறு பலர் உலகில் இருந்தார்கள். ஆனாலும் ஸ்காட் பர்க் 1998-ல் நெடுங்காலம் போராடி எல்லா அசைவுகளையும் ஃப்ரீயாகச் செய்தது தவிர, 2005-ல் டாமி கால்ட்வெல்லும் பெத் ராடனும் ஏறும்வரை அது மறுபடி முழுமையாக நிகழவில்லை. கால்ட்வெல் அதே ஆண்டில் ஒரே நாளிலும் ஏறினார். அவருக்கு ஒரு கை ஆட்காட்டி விரலின் பெரும்பகுதி கிடையாது என்பதையும் இந்த வாதத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

ஓர் ஆணின் சாதனைக்கு நீண்ட கைகளையோ பெரிய உள்ளங்கைகளையோ காரணமாகச் சொல்லி யாரும் கட்டுரையைத் தொடங்குவதில்லை.

அதன் பின்

நோஸுக்குப் பிறகு போட்டிப் பரிசு இல்லாமலேயே அவரால் தொழில்முறையாளராக நீடிக்க முடிந்தது. நிறுவனங்களின் ஆதரவும் பயணங்களும் சொற்பொழிவுகளும் பிழைப்பாயின. 1995-ல் கிர்கிஸ்தானின் கரவ்ஷின் பகுதியில் அலெக்ஸ் லோவுடன் பெருஞ்சுவர் ஏறினார். 1998-ல் யோசெமிட்டியின் கேம்ப் 4 என்ற கூடாரத் திடலில் உள்ள மிட்நைட் லைட்னிங் என்ற புகழ்பெற்ற பாறாங்கல்லை ஏறிய முதல் பெண்ணானார். ரான் காக் அதை முதலில் ஏறி அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1999-ல் மடகாஸ்கரின் சாரனோரோவில் பெண்கள் மட்டுமே கொண்ட நால்வர் குழு ஒரு புதிய பெருஞ்சுவர்த் தடத்தைத் திறந்தது. அதில் ஹில்லுடன் இருந்த மிக இளையவர் பெத் ராடன். ஆறு ஆண்டுகள் கழித்து நோஸில் ஏறியவரும் அவர்தான்.

ஆண்கள் முதலில் எட்டும் மட்டத்துக்கும் பெண்கள் எட்டும் மட்டத்துக்கும் உள்ள கால இடைவெளி சீராகக் குறைந்துவந்ததா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. பிரெஞ்சு அளவுகோலில் 8b+-ஐவிடக் கடினமான 9a மட்டம் 1991-ல் திறக்கப்பட்டது; ஸ்பெயினின் ஹோசுனே பெரெசியார்ட்டு அதை எட்டியது 2002-ல். அதாவது ஹில் ஐந்தாண்டுக்குச் சுருக்கிய இடைவெளி அதன்பின் விரிந்தது. 2025-ல் அமெரிக்காவின் புரூக் ராபுட்டு 9b+ மட்டத்தை எட்டிய முதல் பெண்ணானார். அந்த மட்டம் திறந்தது 2012-ல். புரூக்கின் தாய் ராபின் எர்பஸ்ஃபீல்ட், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளை வென்றவர். அதற்குமுன் ஹில்லுடன் ஒரே போட்டிகளில் மோதியவர்.